வாக்கும் வாடிக்கையும்

மனித வாழ்வு பொருளால் மட்டும் நடப்பதன்று, சொல்லாலும் நடக்கிறது. விதைக்கின்றவன் மண்ணை நம்புகிறான். வேலை செய்கின்றவன் கூலி தருவதாகச் சொன்னவனின் சொல்லை நம்புகிறான். மண் பொய்த்தால் ஒரு பருவம் வீணாகும். சொல் பொய்த்தாலோ மனிதர்க்கு மனிதர் மேல் உள்ள நம்பிக்கையே வீணாகும். எனவேதான், எல்லாச் சமுதாயங்களும் வாக்குத் தவறாமையை அறங்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றின.

ஆனால், வாக்கு என்பது எது? கொடுத்தவரே எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்னும் நிபந்தனையோடு கொடுக்கப்படும் சொல்லும் வாக்குத்தானா? இவ்வினாவைத் தத்துவ ஏடுகளில் மட்டும் தேட வேண்டியதில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் பணப்பையில் வைத்திருக்கும் ஒரு சிறிய அட்டையிலேயே அது அடங்கிக் கிடக்கிறது. அடிக்கடி பயணம் செய்வோர்க்கு விமான நிறுவனங்கள் வழங்கும் உறுப்பினர் அட்டையே அது.

திட்டம் பிறந்த கதை

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசு வாரியமே வரையறுத்து வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடத் தொடங்கின. ஒரே நகரிலிருந்து ஒரே நகருக்கு, ஒரே வகை விமானத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் இரு நிறுவனங்கள் பறக்கும்பொழுது, பயணி ஏன் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடையாகப் பிறந்ததே பறந்த தொலைவைக் கணக்கிட்டுப் பரிசளிக்கும் திட்டம். 1979இல் டெக்சஸ் இன்டர்நேஷனல் என்னும் நிறுவனம் வழிகாட்டியது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதனைப் பெரிய அளவில் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது.

இத்திட்டத்தின் பொருளியல் எளியது. மாலைக்குள் விற்காத பூ மறுநாள் குப்பைக்குப் போவது போல, வெறுமையாகப் பறந்த இருக்கையை மீண்டும் விற்க இயலாது. அவ்வாறு வீணாகும் இருக்கையைப் பரிசாகக் கொடுத்தால், கொடுப்பவர்க்குப் பேரிழப்பு இல்லை, பெறுபவர்க்கோ பெருமகிழ்ச்சி. இருவருக்கும் நன்மை தரும் ஏற்பாடாகவே இது தொடங்கியது என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னர் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. சிங்கப்பூர் நிறுவனத்தின் கிரிஸ்ஃபிளையர், மலேசிய நிறுவனத்தின் என்ரிச் ஆகிய திட்டங்களை இவ்வட்டாரத்துப் பயணிகள் நன்கறிவர். கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில், பன்னிரண்டு மாதங்களில் தகுதி மைல் 25,000 சேர்த்தவர் வெள்ளி உறுப்பினர். 50,000 சேர்த்தவர் தங்க உறுப்பினர். தங்கம் பெற்றவர்க்கு முன்னதாக விமானம் ஏறும் உரிமை, கூடுதல் பயணப்பெட்டி எடை, விமான நிலையத்து ஓய்வுக்கூடம் முதலிய சலுகைகள் கிட்டும். இவற்றையெல்லாம் 'விசுவாசத் திட்டங்கள்' என்று வணிக உலகம் அழைக்கிறது. அறத்தின் சிக்கல் இப்பெயரிலிருந்தே தொடங்குகிறது.

மூன்று சொற்கள்

தமிழில் வாடிக்கை, விசுவாசம், கொசுறு என மூன்று சொற்கள் உள்ளன. மூன்றும் கடைத்தெருவில் ஒருசேரக் காணப்படுபவை. ஆயினும் மூன்றும் வேறு வேறு.

ஒரே கடைக்குத் தொடர்ந்து செல்வது வாடிக்கை. அருகில் இருப்பதாலோ, விலை குறைவாக இருப்பதாலோ, பழகிப் போனதாலோ அது நிகழலாம். அதில் குற்றமும் இல்லை. தனிச் சிறப்பும் இல்லை. விசுவாசம் அத்தகையதன்று. தனக்கு ஆதாயம் குறையும் வேளையிலும் ஒருவரை விட்டு நீங்காதிருப்பதே விசுவாசம். அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா ராய்ஸ் விசுவாசத்தின் தத்துவத்தைப் பற்றி 1908இல் ஒரு நூலே வெளியிட்டார். தன்னினும் பெரியதொரு குறிக்கோளுக்கு ஒருவன் மனமுவந்து, முழுமையாக, செயல்வழித் தன்னை ஒப்படைப்பதையே அவர் விசுவாசம் என்று கண்டார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மைல் சேர்ப்பவர் எந்தக் குறிக்கோளுக்கும் தம்மை ஒப்படைக்கவில்லை. தம் நலனையே கணக்கிடுகிறார். வேறொரு நிறுவனம் இருமடங்கு மைல் தருவதாகச் சொன்னால் மறுநாளே அங்குச் செல்வார். அவ்வாறு செல்வதை எவரும் துரோகம் என்று பழிப்பதில்லை. துரோகம் இல்லாத இடத்தில் விசுவாசமும் இல்லை. இருப்பது வாடிக்கை மட்டுமே.

கொசுறு இவ்விரண்டினும் வேறானது. காய்கறி வாங்கிய பின்னர்க் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடையில் வைக்கிறார். அதற்கு விலைப்பட்டியல் இல்லை, கணக்கேடும் இல்லை. இன்று கொடுத்தார், நாளை கொடுக்கவில்லை என்றால் அவர் வாக்குத் தவறியவர் ஆகார். கேளாமல் வந்தது, ஆகவே கேட்டுப் பெறும் உரிமையும் இல்லை.

விமான நிறுவனத்தின் மைல் கொசுறாகுமா? ஆகாது. 'இத்தனை மைல் சேர்த்தால் இன்ன இடத்துக்கு இலவசப் பயணம்' என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அதனைக் காட்டியே பயணியை அழைத்தார்கள். அவரும் அதனை நம்பியே, மலிவான வேறு பயணச்சீட்டை விடுத்து இங்கு வந்தார். நம்பி வந்தவர்க்குச் சொன்ன சொல் கொசுறு அன்று, வாக்கு. ஆனால் சலுகை குறைக்கப்படும் நாளில் அதே நிறுவனம், 'இது நாங்கள் விரும்பித் தரும் அன்பளிப்பு. மாற்றும் உரிமை எமக்கு உண்டு' என்கிறது. அழைக்கும்பொழுது வாக்கு, குறைக்கும்பொழுது அன்பளிப்பு. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் சூட்டி, வசதிக்கேற்ப ஒன்றை எடுத்து மற்றொன்றை மறைப்பதுதான் இங்கே ஆராயப்பட வேண்டிய குறை.

கட்டியவனே அவிழ்க்கும் முடிச்சு

இக்குறை வெறும் கற்பனையன்று. நீதிமன்றம் வரை சென்ற செய்தி. 1988இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விதிகளை மாற்றியது. பரிசுப் பயணத்திற்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு வரம்பு கட்டியது. சில நாள்களில் பரிசுச் சீட்டு செல்லாது என்றது. புதிதாகச் சேர்க்கும் மைலுக்கு மட்டுமன்றி, முன்பே சேர்த்த மைலுக்கும் அவ்விதியைப் பொருத்தியதே வழக்குக்குக் காரணமாயிற்று. 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்காட இயலாது எனினும், நிறுவனம் தானே ஏற்ற ஒப்பந்தத்தை மீறியதா என்று கேட்கலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆக, சொன்ன சொல்லுக்குச் சட்டம் ஓரளவு மதிப்பளித்தது.

ஆயினும், அந்தச் சொல்லுக்குள்ளேயே அதனை மாற்றும் உரிமை எழுதப்பட்டிருந்தால் என் செய்வது? 2008இல் நார்த்வெஸ்ட் நிறுவனம், உயர்நிலை உறுப்பினராக இருந்த ஒரு யூத சமயகுருவைத் திட்டத்திலிருந்து நீக்கியது. அவர் அளவுக்கு மீறிக் குறை கூறுகிறார் என்பது நிறுவனம் காட்டிய காரணம். தம் விருப்பப்படி நீக்கும் அதிகாரம் விதிகளிலேயே உண்டு என்றும் அது கூறியது. அந்த அதிகாரத்தையும் நல்லெண்ணத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய வாதம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் கோரிக்கையைத் தள்ளியது. அம்மாநிலம் வற்புறுத்தும் நல்லெண்ணக் கடப்பாடு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நிற்காது என்பதே காரணம். சட்டம் அங்கு முடிவுற்றது. அறத்தின் கேள்வியோ அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வெளிவந்த 'லெவியாதன்' நூலில் அரசனின் அதிகாரத்தை ஆராயும் இடத்தில் ஒரு கருத்தை நிறுவுகிறார். தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள வல்லவன், தனக்கு மட்டுமே கட்டுப்பட்டிருக்கும் வரையில் உண்மையில் கட்டுப்பட்டவன் ஆகான் என்பது அதன் சாரம். முடிச்சின் இரு நுனிகளும் ஒருவர் கையிலேயே இருந்தால் அது கட்டு அன்று; கட்டின் தோற்றம். விமான நிறுவனத்தின் வாக்கும் அத்தகைய தோற்றமே. பயணியோ பணத்தை முன்னரே செலுத்திவிட்டார். செலுத்தியதைத் திரும்பப் பெறும் உரிமையை அவர் எந்த மூலையிலும் சிற்றெழுத்தில் எழுதி வைக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எரிபொருள் விலை ஏறுகிறது, பயணிகள் பெருகுகின்றனர், அனைவரும் தங்க உறுப்பினரானால் ஓய்வுக்கூடத்தில் நிற்கவும் இடமிராது. 2015இல் டெல்டா, யுனைடெட் ஆகிய நிறுவனங்கள், பறந்த தொலைவுக்கு மாறாகச் செலவிட்ட பணத்திற்கேற்ப மைல் வழங்கத் தொடங்கின. 2016இல் அமெரிக்கன் நிறுவனமும் அவ்வழி சென்றது. காலத்திற்கேற்ப விதி மாறுவது தவறன்று. நாளைய உழைப்புக்குக் கூலி இவ்வளவு என்று இன்று மாற்றிச் சொல்லலாம். நேற்றைய உழைப்பின் கூலியை இன்று குறைப்பதுதான் தவறு. இவ்வேறுபாட்டைப் படிப்பறியாத கூலித் தொழிலாளியும் அறிவார். 2023 செப்டம்பரில் டெல்டா மிகக் கடுமையான மாற்றங்களை அறிவித்தது. பயணிகள் கொதித்தெழுந்தனர். எல்லை கடந்து சென்றுவிட்டதை அதன் தலைமை நிர்வாகியே ஒப்புக்கொள்ள, அக்டோபரில் சில விதிகள் தளர்த்தப்பட்டன. சட்டம் கட்டாத இடத்திலும் நாணம் கட்டும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு செய்தியும் சிந்தனைக்குரியது. 2020இல் தொற்றுநோயால் விமானங்கள் முடங்கியபொழுது, யுனைடெட் தன் மைல் திட்டத்தைப் பிணையாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா 900 கோடி டாலர் திரட்டியது. மறு ஆண்டு அமெரிக்கன் நிறுவனம் 1,000 கோடி டாலர் திரட்டியது. வங்கிகள் தம் கடன் அட்டைக்காரர்களுக்கு வழங்குவதற்காக மைல்களை விலை கொடுத்து வாங்குகின்றன. அவ்வருவாயே இத்திட்டங்களை இவ்வளவு மதிப்புடையனவாக்கியது. பயணியின் விசுவாசம் என்று பெயரிடப்பட்டது, நெருக்கடி வேளையில் நகைபோல அடகு வைக்கத்தக்க சொத்தாயிற்று. கடன் கொடுத்தவர்க்கு மாற்ற முடியாத ஒப்பந்தம். விசுவாசம் காட்டியவர்க்கோ மாற்றத்தக்க விதிகள்! எந்த வாக்கு உறுதியானது என்பதை இவ்வேறுபாடே சொல்லிவிடுகிறது.

யார் பணம்? யார் பரிசு?

நிறுவனத்தை மட்டும் குறை கூறிவிட்டுப் பயணியை விட்டுவிடுவது நடுவுநிலைமை ஆகாது. மைல் சேர்ப்பவர்களுள் பலர் தம் சொந்தப் பணத்தில் பறப்பவர் அல்லர். சீட்டின் விலையை முதலாளி செலுத்துகிறார். அரசு ஊழியர் என்றால் வரி செலுத்தும் மக்கள் செலுத்துகின்றனர். பரிசோ பறந்தவரின் பெயரில் சேர்கிறது. அப்பரிசு யாருக்கு உரியது?

ஜெர்மானிய நாடாளுமன்றத்தில் அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்னும் விதி இருந்தது. 2002 ஜூலையில், அவற்றைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்ட செய்தி வெளியானபொழுது, கிரேகோர் கீசி பெர்லின் மாநிலப் பொருளாதாரத் துறைப் பொறுப்பிலிருந்து விலகினார். செம் ஓஸ்டெமிர் கட்சிப் பொறுப்பைத் துறந்து, அடுத்த நாடாளுமன்றத்தில் தம் இடத்தையும் ஏற்காது ஒதுங்கினார். அமெரிக்காவிலோ 2001 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் பெற்ற மைல்களைத் தாமே வைத்துக்கொள்ள இசைவளித்தது. ஒரே செயல், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரு நாட்டில் பதவியைப் பறித்தது. மற்றொரு நாட்டில் ஊழியரின் உரிமையாயிற்று.

இதனைக் கொண்டு அறம் நாட்டுக்கு நாடு மாறும் என்று முடிவு செய்துவிடலாகாது. மாறியது விதி, மாறாத ஒன்று அதனடியில் உள்ளது. பிறர் பணத்தைச் செலவிடும்பொழுது அப்பணத்தின் உரிமையாளர் நலனையே முன்வைக்க வேண்டும் என்பதே அது. குடும்பத்தைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்துப் பறந்த ஊழியர்க்கு மைல்களை விட்டுக்கொடுப்பதென முதலாளி முடிவு செய்தால் அதில் பழுதில்லை. ஆனால், அந்த மைலுக்காகவே 400 வெள்ளிச் சீட்டு இருக்க 700 வெள்ளிச் சீட்டை அவர் வாங்குவாராயின், வேறுபாடான 300 வெள்ளியும் நம்பிக்கைக்குச் செய்த கேடு. பரிசைப் பெற்றது குற்றமன்று. பரிசு தீர்ப்பை வளைத்ததே குற்றம். பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதிக் காப்பதே நல்ல வாணிகம் என்னும் கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைத்தார். அது விற்பவர்க்கு மட்டும் கூறியதன்று. பிறர் பொருளைக் கொண்டு வாங்குபவர்க்கும் பொருந்தும்.

திரைக்கு முன்னும் பின்னும்

இனி, உயர்வகுப்புப் பயணத்தைப் பற்றிய ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரே விமானம், ஒரே வேகம், சென்றடையும் நேரமும் ஒன்று. ஆயினும் இடையில் ஒரு திரை. 2007 அக்டோபரில் சிங்கப்பூர் நிறுவனம் ஏ380 விமானத்தைச் சிட்னிக்கு முதன்முதலாகச் செலுத்தியபொழுது, கதவு மூடும் தனியறைகளே அதில் அமைந்திருந்தன. பின்னால் அமர்ந்தவர் முழங்காலை நீட்டவும் இடமின்றி இருக்க, முன்னால் ஒருவர் படுத்துறங்குவது அநீதியா?

அநீதி என்று அவசரப்பட்டுக் கூறிவிட முடியாது. கூடுதல் விலை கொடுத்தவர் கூடுதல் வசதி பெறுகிறார். அதனால் பின்னிருப்பவர்க்கு உரியது எதுவும் பறிபோகவில்லை. பறிபோகும் இடத்தில்தான் அநீதி பிறக்கிறது. அமெரிக்கன் நிறுவனம் 2008இல் உள்நாட்டுப் பயணிகளின் முதல் பெட்டிக்கே கட்டணம் விதித்தது. சவுத்வெஸ்ட் நிறுவனமோ எல்லாப் பயணிகளுக்கும் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றி, அதனையே தன் பெருமையாகப் பல்லாண்டுகள் விளம்பரம் செய்தது. 2025 மே மாத இறுதியில் அதுவும் மாறியது. உயர்கட்டணம் செலுத்தியோர், உயர்நிலை உறுப்பினர், அதன் கடன் அட்டை வைத்திருப்போர் முதலியோருக்கே இலவசம் என்றாயிற்று. நேற்று எல்லாருக்கும் பொதுவாக இருந்தது இன்று சிலருக்குச் சலுகை. சலுகை பெற்றவர் புதிதாக எதையும் பெற்றுவிடவில்லை. மற்றவர் இழந்ததைத் தாம் இழக்காதிருப்பதையே பேறாகக் கருதுகிறார். பிறர் தாழ்ந்ததால் விளைந்த உயர்வில் மகிழப் பழகுவதே இத்திட்டங்கள் மனத்திற்குச் செய்யும் ஆழமான தீங்கு எனலாம்.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இவையனைத்தும் பணக்காரர் சிக்கல், பள்ளிக்கூடத்திற்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு மிக நெருக்கமானது. சுவரில் பட்டியல் ஒட்டி, நூல் படித்த மாணவர்க்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்திற்கு ஒரு பரிசு என்று அறிவிக்கும் ஆசிரியரும் மைல் திட்டம் ஒன்றையே நடத்துகிறார்.

1973இல் அமெரிக்க உளவியலாளர்களான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று கல்வியுலகம் நன்கறிந்தது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள பாலர்பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். இரண்டாம் பிரிவினருக்குச் சொல்லாமலே வரைந்தபின் பரிசளித்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குப் பரிசே இல்லை. சில நாள்களுக்குப் பின் உற்றுநோக்கியபொழுது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்களின் ஆர்வமே குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் அவ்வாறு குன்றவில்லை. பேரம் பேசிக் கொடுத்த பரிசு விருப்பத்தைக் கூலியாக்கியது. கொசுறாக வந்த பரிசோ விருப்பத்தை விருப்பமாகவே விட்டுவைத்தது.

ஆகவே ஆசிரியர் உணர வேண்டியவை இரண்டு. மாணவரின் அன்பையும் கல்வி வேட்கையையும் புள்ளிகளால் வாங்க முற்படலாகாது. வாங்கினால் கிடைப்பது வாடிக்கையே, பற்று அன்று. அவ்வாறன்றிப் பரிசு உண்டு என்று ஒருமுறை அறிவித்துவிட்டால், தவணையின் நடுவில் பத்து நட்சத்திரத்தைப் பதினைந்தாக மாற்றலாகாது. பரிசுப்பொருள் சிறியதாக இருக்கலாம். ஒரு வண்ணப் பென்சிலாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்பது நட்சத்திரம் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் சிறுவன் இழப்பது பென்சிலை அன்று. பெரியவர் சொல்லின் மேல் அவன் வைத்த நம்பிக்கையை. அவன் வளர்ந்து ஒரு நிறுவனத்தை நடத்தும் நாளில், வாக்கு என்பது வசதிக்கேற்ப மாறுவது என்று கருதினால், அப்பாடத்தை அவனுக்குக் கற்பித்தது எந்த வகுப்பறை என்று தேட வேண்டி வரும்.

வணிகம் வாடிக்கையை நாடுவதில் தவறில்லை. பயணி சலுகையை ஏற்பதிலும் தவறில்லை. இரண்டையும் அவற்றிற்குரிய பெயரால் அழைப்பதே நேர்மை. வாடிக்கைக்கு விசுவாசம் என்று பெயர் சூட்ட வேண்டா. வாக்கை அன்பளிப்பு என்று மறைக்கவும் வேண்டா. கொடுப்பவர் தம் சொல்லுக்குத் தாமும் கட்டுப்பட வேண்டும்; பெறுபவர் பிறர் பொருளைத் தம் பரிசுக்கு விலையாக்காதிருக்க வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் அட்டை இல்லாமலே நம்பிக்கை வளரும். இல்லாத இடத்தில் தங்க அட்டையும் வெறும் தாளே ஆகும்.